நான் சொல்லாமல் விட்ட பத்தாவது ஆள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் அக்கா ஜெசி போனில் சொன்னதுதான் இந்த நேரம்வரை உறுதியான செய்தி. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நம் மாதா கோயில் பங்குத் திருவிழா மேடையில் ஸ்டீல் கிட்டார் வாசிக்க நீ சம்மதித்திருக்கிறாய். பத்துப் பாட்டு. எட்டு சினிமாப் பாட்டு, இரண்டு மாதா பாட்டு. ஜாஸ் ஒன்றுகூட இல்லை. ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து எதையும் நம்பிப் பழக்கமில்லாததால், பட்டியலைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். நீ அவளுக்கு அனுப்பிய தாளின் படத்தை எனக்கும் அனுப்பினாள். அந்தப் பத்துக்கும் மேலே, முதலில் ஏழு ஆங்கிலப் பெயர்களை எழுதி ஏழையும் ஒரே கோட்டால் அடித்திருக்கிறாய். கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘சேலத்தில் யாருக்கும் தெரியாது. அப்பா விசாரித்தது.’

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களுக்கும் முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தேன். நான் எழுதியதில் பெரும்பகுதி அடுத்த நாளே பஜ்ஜி மடிக்கப் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை. எழுதாமல் வாயால் மட்டும் சொன்ன ஒரு செய்தியை நீ இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறாய். அந்தச் செய்தி தவறு. தெரியாமல் நேர்ந்த தவறும் இல்லை. தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில் திருத்தமும் வர வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு ஒழுங்கு. நான் அதைச் சொன்னது பங்கு மன்றத்தில், திருவிழாக் குழு முன்னால். அதனால் இந்தக் கடிதம் பங்கின் மாத இதழில் வரும் ஒன்றாம் தேதி வருகிறது. அதுவரை காத்திருந்தால் உனக்குப் பயன்படாது என்பதால் இன்று புதன்கிழமை மாலையே உனக்கு அனுப்பிவிடுகிறேன். உன் பெயரை எங்கும் போடவில்லை.

நீ கல்லூரி இரண்டாம் வருடம் படித்தபோது நடந்தது இது. முதல் வருடமே கோயிலின் பாடகர் மாடத்தில் யாரும் தொடாமல் கிடந்த பழைய ஹவாயன் கிட்டாரை ஃபாதரிடம் கேட்டு வாங்கி வந்து, கம்பி மாற்றி, மடியில் கிடத்தி வாசிக்க ஆரம்பித்திருந்தாய். இடது கையில் ஒரு இரும்புத் துண்டு, வலது கை விரல்களில் நகம் மாதிரி மாட்டிக்கொள்ளும் தகடுகள். விரலால் கம்பியை அழுத்தாமல் இரும்பை அதன்மேல் நகர்த்துவாய், சத்தம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வழுக்கிப் போகும். அந்த இரண்டு வருடமும் உன் வாசிப்பை நான் சாத்திய கதவு வழியாகத்தான் கேட்டேன். மாலை ஐந்து மணிக்கு நான் அலுவலகத்துக்குப் போனில் செய்தி சொல்லும் நேரமும் நீ காலேஜ் முடிந்து வந்து உட்காரும் நேரமும் ஒன்றாக இருந்தன. “கதவைச் சாத்துடா” என்பேன். நீ சாத்துவாய். செய்தி சொல்லி முடித்த பிறகு நான் ஒருநாளும் அந்தக் கதவைத் திறந்ததில்லை.

அந்த ஏழு பாட்டின் ஆங்கிலப் பெயர்கள் உன் அம்மாவுக்கும் எனக்கும் வாயில் நுழையாததால் வீட்டுக்குள் வேறு பெயர்கள் இருந்தன. ஒன்று குக்கர் பாட்டு, அடுக்களையில் விசில் வந்த அதே சுருதியில் ஒருநாள் முடிந்ததால். ஒன்று லாரிப் பாட்டு, ஏற்றத்தில் கியரைக் குறைக்கிற மாதிரி ஆரம்பிக்கும். ஒன்று படிக்கட்டுப் பாட்டு, மேலிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வரும். திருவிழாவில் வாசிக்க இந்த ஏழையும் எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று ஒரு காலைச் சாப்பாட்டின்போது நீ எனக்குச் சொன்னாய். நான் கேட்டுக்கொண்டேன் என்பதைவிடக் குறித்துக்கொண்டேன் என்பதுதான் சரி. கையில் பேனா இருந்தால் குறித்துவிடுவது என் பழக்கம். அந்தக் குறிப்பு நோட்டில் அப்படியே இருக்கிறது.

“வேகமான பாட்டு வேண்டாம்ப்பா, இரும்பு ஓடி முடிக்காது. நீளமா நிக்கிற சுரம் இருக்கற பாட்டா எடுத்துக்கறேன். அப்புறம், எல்லாம் தெரிஞ்ச பாட்டா இருக்கணும்.”

“தெரிஞ்ச பாட்டுங்கற. எனக்கே ஒண்ணும் தெரியலையே” என்றேன்.

“உலகம் பூரா தெரிஞ்ச பாட்டுப்பா. எழுபது எண்பது வருசமா ஆளாளுக்கு வாசிக்கறாங்க. பாட்டு எங்க போய் நிக்கும்னு கேக்கறவங்களுக்கு முன்னாடியே தெரியும். நான் நேரா போகாம மெதுவா வழுக்கிட்டுப் போறேன். வந்துடுவானா வந்துடுவானான்னு காத்துட்டிருப்பாங்க. தெரியாத பாட்டுன்னா, நான் வழுக்கறேனா தப்பா வாசிக்கறேனான்னே தெரியாது.”

இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்தவனிடம் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாரமே குழுத் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், உங்க பையன் ஏதோ இங்கிலீஷ் பாட்டு வாசிக்கப் போறானாமே. சனம் எழுந்து போயிடும். நீங்க சொன்னா கேப்பான்” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அதற்குக் கீழே இன்னொரு பயமும் இருந்தது. உன் செமஸ்டர் மதிப்பெண் இறங்கிக்கொண்டிருந்தது. மேடையில் நாலு பேர் கைதட்டிவிட்டால் நீ படிப்பை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லும் துணிவு இல்லாததால், விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன். விசாரணை என்றால் நீ மறுத்துப் பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சிறு வயதிலிருந்தே, அப்பா விசாரித்துவிட்டார் என்றால் அதற்குமேல் பேச்சில்லை என்று உங்கள் இருவரையும் வளர்த்திருந்தேன்.

பேட்டி எடுக்க வைத்திருந்த சின்ன ரெக்கார்டரில் ஒரு ஞாயிறு மதியம் நீ படிக்கட்டுப் பாட்டு வாசித்ததைக் கதவுக்கு வெளியே நின்று பதிவு செய்தேன். பாதியில் உன் அம்மா “சாப்பிட வாடா, ஆறுது” என்று கூப்பிட, நீ நிறுத்திவிட்டாய். அந்தப் பாதிப் பாட்டை எடுத்துக்கொண்டு பத்து நாள் சுற்றினேன். செய்திக்காகப் போகும் இடத்திலெல்லாம், வேலை முடிந்ததும் ரெக்கார்டரை நீட்டி, இது தெரியுமா என்று கேட்டேன். அயோத்தியாப்பட்டணத்தில் டீக்கடைக்காரர், “கரண்ட் வர்றதும் போறதுமா இருக்கறப்ப பாடுன மாதிரி இருக்கு சார்” என்றார். சேந்தமங்கலத்தில் அன்னாசி விற்ற அம்மா காதோடு வைத்து முழுக்கக் கேட்டுவிட்டு, “கேக்க நல்லாத்தானுங்க இருக்குது. யாரு செத்தாங்க?” என்றார். மேச்சேரி ஆட்டுச் சந்தையில் ஒரு வியாபாரி சொன்னதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: “ஏனுங்க சார், கெடாயைத் தனியாக் கட்டிப் போட்டா ராவுக்கு இப்படித்தானுங்க கத்தும்.”

நாலாயிரம் ஆடு கத்துகிற சந்தையில், விரல் நகம் அளவு ஸ்பீக்கரில், பாதிப் பாட்டைப் போட்டுக் காட்டித் தெரியுமா என்று கேட்பது எந்த ஊர் விசாரணை? வேறொரு நிருபர் இப்படி ஒன்றைச் செய்துகொண்டு வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது ‘தெரியாது’ என்ற பதில், அது கிடைக்கும் இடமாகப் பார்த்துக் கேட்டேன். இது முதல் தவறு. சிறியது.

ஒன்பது பேர் முடிந்த பிறகு திருச்செங்கோட்டுக்குப் போனேன். மழைக்காலம் தொடங்கி, போர்வெல் போடும் ரிக் லாரிகள் வெளிமாநிலங்களிலிருந்து திரும்பி வந்து பட்டறைகளில் நிற்கும். அதைப் பற்றி எழுதப் போயிருந்தேன். நல்லுசாமி என்று ஒரு டிரில்லர், நாற்பது வயதிருக்கும், விளக்கமாகப் பேசினார். முடிந்ததும் வழக்கம்போல ரெக்கார்டரை எடுத்தேன். நாலு சுரம்தான் போயிருக்கும். அவர் கையை உயர்த்தி, பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து, “டேய், அதைக் கொஞ்சம் நிறுத்துறா” என்றார். பட்டறை அமைதியானது. குனிந்து கேட்டார். உன் அம்மா சாப்பிடக் கூப்பிடும் குரலோடு பதிவு முடிந்தது. பாட்டு முடியவில்லை. விட்ட இடத்திலிருந்து அவர் வாயை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தார். ரெக்கார்டரில் இல்லாத பகுதி. கொஞ்சம் போய், திரும்பி வந்து, மறுபடி அந்தப் படிகளில் இறங்கி முடித்தார்.

“இது தெரியுமுங்க. கீழ எறங்கி எறங்கி வருமுங்களா, அப்புறம் நடுவுல பக்கத்து ஊட்டுக்குள்ள போய் எட்டிப் பாத்துட்டு வருமுங்க. நீங்க போட்டதுல அது இல்லீங்களே.”

எங்கே கேட்டீர்கள் என்றேன். ஆப்பிரிக்காவில் நாலு வருடம் ரிக்கில் இருந்தாராம். கேம்ப்புக்குப் பக்கத்தில் ஒரு கிழவி நடத்திய ஓட்டல். சனிக்கிழமை தவறாமல் ஒருவர் வந்து பித்தளைக் குழல் ஊதுவார். “பாஷையும் தெரியாது, பாட்டும் தெரியாதுங்க. கேட்டுக் கேட்டு ஒட்டிக்கிச்சு. எங்கம்மா போயிட்டாங்கன்னு ஊர்லருந்து போன் வந்துச்சுங்க. டிக்கெட் கெடைக்கல. அன்னிக்கும் அந்த மனுசன் இதைத்தான் ஊதுனாரு. எனக்கு அழுகை வந்ததே அப்பத்தானுங்க.” “இங்க யாருங்க இதை வாசிக்கறது?”

“என் பையன்.”

“அட சாமி. எங்கீங்க வாசிக்கறாரு? சொல்லுங்க, நான் வாரேன். ஊட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாரேன்.”

சொல்கிறேன் என்றேன். அவருடைய நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டேன். பத்தாவது வரியில்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. இரண்டு வருடமாக என் வீட்டில், என் கதவுக்குப் பின்னால் கேட்ட பாட்டு. அதன் நடுப்பகுதி எப்படிப் போகும் என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. வெல்டிங் புகையில் நின்ற ஒரு முன்பின் தெரியாத மனிதருக்கு நாலு சுரத்தில் நீ என்ன வாசிக்கிறாய் என்று புரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் படிப்பு, சனம் எழுந்து போகும் என்ற கவலை, தலைவரின் முகம், இவையெல்லாம் நான் பிறகு எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். எழுபதை நெருங்கும் வயதில் அவற்றை இன்னும் தூக்கிச் சுமப்பதில் பொருளில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, நீயும் வந்திருந்த குழுக் கூட்டத்தில் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: “ஒன்பது பேரைக் கேட்டேன். ரெண்டு மாவட்டம். ஒருத்தருக்கும் தெரியலை.” சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்படித்தான் பொய்யை அமைத்தேன். தலைவர் சிரித்துக்கொண்டே, “பேசாம மாதா பாட்டையே கொஞ்சம் இழுத்து வாசிச்சுடு தம்பி, எல்லாம் ஒண்ணுதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ என்னை மட்டும் பார்த்து, “சரிப்பா” என்றாய்.

வீட்டுக்கு வந்த பிறகு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாய். “நிஜமாவே ஒருத்தர்கூடத் தெரியும்னு சொல்லலையாப்பா?” திருத்திக்கொள்ள எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. “நான் விசாரிச்சதுல பொய் சொல்வேனாடா?” என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாய். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். என் நோட்டைத் துடைத்து வைக்கும்போது பார்த்துவிட்டு, “பத்துப் பேரு எழுதியிருக்கே, ஒன்பதுன்னீங்க” என்றாள். பத்தாவது ஆள் நம்பகமானவர் இல்லை என்றேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு, “பாட்டைப் பாடிக் காட்டுனாரோ?” என்றாள். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நம்பர் எழுதிய வரிக்குக் கீழே, பஸ்ஸில் வரும்போது, ‘பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்து வரும்’ என்று நான் எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்திருப்பாள்.

அந்தத் திருவிழாவில் நீ சினிமாப் பாட்டு வாசித்தாய். நன்றாகக் கைதட்டினார்கள். அதன்பின் நம் வீட்டில் கிட்டார் பெட்டி திறக்கவில்லை. நீ படிப்பை விடவில்லை, நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. பெங்களூரில் வேலைக்குப் போனபோது பெட்டியை எடுத்துப் போனாய். அங்கே நாலு பேர் சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் வாரம் ஒருநாள் ஜாஸ் வாசிக்கிறீர்கள் என்று ஜெசி சொல்லித்தான் தெரியும். இரண்டு முறை பெங்களூர் வந்தேன், இரண்டு முறையும் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று நானும் பேசவில்லை. உன்னைச் சிறியவனாக்கிய அந்த ஒரு வரியை நீ எங்கேயோ தூக்கிப் போட்டிருப்பாய் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அதை ஆதாரமாக வைத்து நீ இன்றும் பட்டியல் போடுகிறாய் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமை திருச்செங்கோட்டுக்குப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. எதிரே டயர் கடையில் விசாரித்து, ஊருக்கு வெளியே அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். நல்லுசாமி சத்தீஸ்கரில் ரிக்கில் இருக்கிறார். அவர் மருமகள் போன் போட்டுக் கொடுத்தாள். பாட்டு, ரெக்கார்டர், வெல்டிங் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் இடைமறித்து, “ஏனுங்க, தம்பி இன்னும் வாசிக்கலீங்களா?” என்றார்.

அவரே தொடர்ந்தார். “சொல்றேன்னீங்க. நானும் கொஞ்ச நாள் பாத்தனுங்க. சரி, பெரிய மனுசங்க, மறந்திருப்பாங்கன்னு உட்டுட்டேன்.” மறக்கவில்லை என்றேன். வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன் என்றும் சொன்னேன். பிறகு, “அதுக்கென்னங்க. இப்ப வாசிக்கறாருங்களா?” என்றார். திருவிழாவைப் பற்றிச் சொன்னேன். பட்டியலில் அந்தப் பாட்டு இப்போதைக்கு இல்லை என்றும் சொன்னேன். “அது இருந்தாச் சொல்லுங்க, வாரேன். சினிமாப் பாட்டுக்குன்னா எதுக்குங்க, அதான் போன்லயே இருக்குதே” என்று சிரித்தார்.

தம்பி, என்ன வாசிக்க வேண்டும் என்று இந்த முறை நான் சொல்ல மாட்டேன். சினிமாப் பாட்டே உனக்குப் பிடித்து எழுதியிருந்தால் அப்படியே வாசி. உன் இசை உனக்குத்தான் தெரியும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு தகவல், அதைப் பதினான்கு வருடம் தாமதமாகக் கொடுக்கிறேன்: கேட்டது பத்துப் பேரை, ஒருவருக்குத் தெரிந்திருந்தது. பத்தில் ஒன்று குறைவா அதிகமா என்று நீ முடிவு செய். புத்திமதி என்று ஒன்று சொல்ல எனக்குத் தகுதி மிச்சம் இருந்தால் இதைச் சொல்வேன்: யாராவது விசாரித்துவிட்டேன் என்று உன்னிடம் வந்தால், அது உன் அப்பாவாகவே இருந்தாலும், நோட்டைக் காட்டு என்று கேள். பத்தாவது வரி இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

இனி நிலுவையில் இருப்பது. திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போவதால் உன் பட்டியல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் குழுவுக்கு வந்துவிட வேண்டும். நீ அடித்த கோட்டை எடுப்பாயா என்பது உறுதியாகவில்லை, எடுக்கச் சொல்லி உன்னை யாரும் கேட்கவும் இல்லை. நல்லுசாமி வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறார். போனை வைக்கும் முன் என்னிடம், “இந்த வாட்டி சொல்லுவீங்களாங்க?” என்று கேட்டார். பட்டியலில் அந்தப் பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அவருக்குப் போன் செய்வேன்.

அப்பா